நாய்க்கு வீடு கொடுங்கள்

சிவசம்பு வீட்டுக் கேட்டைத் தட்டிவிட்டு லெட்சுமி இரண்டடி பின்வாங்கி நின்றாள். நாய்கள் கூட்டமாக ஓடிவந்து பாயுமே என்பதற்காக. முதலில் ஓடிவரப்போவது யார், கறுப்பியா, வெள்ளைக்காலனா, ஒருவேளை தோசையா என்று பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் பந்தயம் கட்டியிருந்தாள்.

ஒரு குரைப்புக்கூடக் கேட்கவில்லை.

கிள்ளான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய பங்களாக்கள் நிற்கும் தெரு அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டு ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கேட்டின் கம்பிகளுக்கிடையில் எட்டிப் பார்த்தாள். பெரிய தோட்டம்தான். ரம்புத்தான் மரத்தடியில் சருகுகள் பெருக்கிக் குவிக்கப்பட்டிருந்தன. நாய் படுத்த பள்ளம் ஒன்றுகூட மண்ணில் இல்லை.

இந்தத் தோட்டத்தை அவள் எத்தனையோ முறை கற்பனையில் பார்த்திருக்கிறாள். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் தூக்கம் வராதபோதெல்லாம் இங்கே வந்துவிடுவாள். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு மரம். மழை வந்தால் எல்லாம் எழுந்து ஒரே வரிசையில் படியேறி, தண்ணீரை உதறிவிட்டு, சிவசம்புவின் சாய்வு நாற்காலியைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். அவர் பேப்பர் படிப்பார். பக்கம் திருப்பும் சத்தத்துக்கு ஒரு காது மட்டும் நிமிரும். அவள் பார்த்தேயிராத அந்த இடம், அவள் பார்த்த எந்த இடத்தையும்விடத் தெளிவாக இருந்தது.

சிவசம்பு செருப்பை இழுத்தபடி வந்து கேட்டைத் திறந்தார். நெற்றி நிறைய விபூதி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அரசாங்க அலுவலகத்தில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஆர், நேசம்மாவின்ர இடத்துப் பிள்ளையோ? வாங்கோ, வாங்கோ. வெயிலுக்க நிக்காதையுங்கோ."

"தோசைக்குக் காது மருந்து கொண்டாந்தேன் அங்கிள். போன வாரம் குடுக்க மறந்துட்டேன்."

"தோசைக்கு மருந்தோ?" அவர் சிரித்தார். "இண்டைக்கு இடியப்பமல்லோ பிள்ளை."

"அய்யோ அங்கிள், நாய் லா. உடம்பெல்லாம் வட்டம் வட்டமா இருக்குமே."

"ஓ, அவரோ! உள்ள வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

அவள் உள்ளே போனாள்.

மேரு என்ற ஊருக்குப் போகும் சாலையில், பலகைத் தொழிற்சாலைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் நேசம்மாவின் நாய்க் காப்பகம். அவர் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, ஊசி போட்டு ஓய்வு பெற்றவர், தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டார். அதிலிருந்து ஆரம்பித்தது. லெட்சுமிக்குப் பங்சாரில் டைப்பிஸ்ட் வேலை. ஞாயிறு தோறும் கிள்ளானுக்கு பஸ் ஏறிவிடுவாள். கூண்டுகளில் விரிக்க அடுக்குமாடி வீடுகளில் பழைய பேப்பர் கேட்டு வாங்குவாள். "என்னடி, கச்சான் கடலைக் கடை போடப் போறியா?" என்று கேலி செய்துகொண்டே எல்லாரும் எடுத்துக் கொடுப்பார்கள். கிழிந்த சேலைகளும் வரும். கிள்ளான் பஸ் நிலையத்தருகே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஜெய்னுலாபுதீன், மிஞ்சிய சோற்றை ஒரு டின்னில் தனியாக எடுத்து வைத்திருப்பார். "நாயத் தொட மாட்டேன்மா. ஆனா பசின்னா எல்லாத்துக்கும் பசிதானே? டின்ன மட்டும் நல்லாக் கழுவிக் கொண்டாந்துரு."

நாய்களுக்கு உட்காரச் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலைதான். வலது கையை மெதுவாகத் தூக்குவாள். கை தோள் உயரத்துக்கு வந்ததும் நாய் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தால் ஒரு துண்டு ரொட்டி. பார்க்க வருகிறவர்கள் கையைத் தூக்கி, நாய் உட்கார்ந்ததும் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்கள் பெரும்பாலும் நாயோடுதான் திரும்புவார்கள். தோசை மட்டும் தேறவேயில்லை. கையைத் தூக்கினால் அது கையையே பார்க்கும், பிறகு அவள் முகத்தைப் பார்க்கும், பிறகு வாலை ஆட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடும். "மக்கு," என்று கொஞ்சுவாள். அதைத் தன் வீட்டுக்கே கொண்டுபோக ஆசைதான். ஆனால் அடுக்குமாடியில் நாய் வைக்க விடமாட்டார்கள். அதன் கழுத்துக்கு மட்டும் தன் பச்சைச் சேலையின் ஜரிகைக் கரையை வெட்டி ஒரு பட்டை தைத்துப் போட்டிருந்தாள்.

சாலையோரத்துப் பலகையில் தமிழ் வாசகத்தை எழுதியதும் அவள்தான். நேசம்மாவுக்கு ஆங்கிலப் படிப்பு, தமிழ் எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். 'உங்கள் வீட்டில் ஒரு நாய்க்கு இடம் கொடுங்கள்' என்றுதான் லெட்சுமி முதலில் நினைத்திருந்தாள். மலாய், ஆங்கில வரிகளுக்குக் கீழே அவ்வளவுக்கு இடமில்லை. சுருக்கி எழுதினாள்: 'நாய்க்கு வீடு கொடுங்கள்.' படிக்கவும் அழகாக இருந்தது.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் சிவசம்பு தன் வெள்ளை டட்சன் காரை நிறுத்தி உள்ளே வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாதம் தவறாமல் வருவார். ஒரு நாயைக் கூட்டிப்போவார். யாரும் விரும்பாத கிழடுகளையும் நொண்டிகளையும்கூட. "முன்ன கொண்டுபோனது எல்லாம் எப்படி இருக்கு சார்?" என்று நேசம்மா கேட்டால், "ஒரு குறையும் இல்லை," என்பார். அவர் கார் கிளம்பியதும் நேசம்மா கையைத் தட்டிக்கொள்வார். "இந்த மாதிரி இன்னும் நாலு மனுசர் இருந்தா நான் கொட்டகைய மூடிட்டு சினிமாவுக்குப் போவேன் லா."

போன வாரம் அவரோடு போனது தோசை.

சிவசம்புவின் முன்னறை குளிர்ச்சியாக இருந்தது. அவர் தேநீர் போட அடுப்படிக்குப் போனார். லெட்சுமி கையில் காது மருந்தோடு நின்று சுற்றிலும் பார்த்தாள். சாமியறைக் கதவு திறந்திருந்தது. படங்களுக்கு நடுவே ஒரு அம்மாளின் புகைப்படம், மாலை போட்டு. அதற்குக் கீழே சுவரில் வரிசையாக ஆணிகள். ஆணிகளில் என்னவோ தொங்கியது. பூமாலை நார்கள் என்று முதலில் நினைத்தாள்.

கிட்டே போனாள்.

கழுத்துப்பட்டைகள். தோல் பட்டை, கயிற்றுப் பட்டை, பிளாஸ்டிக் பட்டை. கறுப்பியின் சிவப்புப் பட்டை. வெள்ளைக்காலனின் மணி வைத்த பட்டை. எல்லாம் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு. கடைசி ஆணியில் பச்சை ஜரிகை. அதன் சந்தனம் இன்னும் நிறம் மங்கவில்லை.

அவள் தைத்த தையல்தான்.  

"தேத்தண்ணி," என்றார் சிவசம்பு பின்னாலிருந்து.

"தோசை எங்க அங்கிள்?"

"அவருக்கு வீடு குடுத்திட்டன்."

"யாரு வீட்டுல?"

"ஆரின்ர வீட்டிலயும் இல்லைப் பிள்ளை. வீடு." அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பூரிப்போடு அவளைப் பார்த்தார். "நீங்கள்தானே பலகையில எழுதி வச்சது? எனக்கு அதை வாசிச்ச உடன மயிர் கூச்செறிஞ்சது. நாய்க்கு வீடு குடுங்கோ எண்டு ஆர் எழுதுவினம்? அறம், பொருள், இன்பம், வீடு. சைவ வகுப்பில சின்னனிலயே படிச்சனாங்கள். வீடெண்டால் விடுதலையல்லோ. ஒரு வாயில்லாச் சீவனுக்கும் அது வேணும் எண்டு நினைச்ச பிள்ளை ஆரெண்டு கேட்டு, உங்களைக் காட்டிச்சினம்."

லெட்சுமி பச்சை ஜரிகையைத் திரும்பிப் பார்த்தாள். சாவு விளம்பரங்களில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறாள். வீடு பேறு அடைந்தார்.

"கொன்னுட்டீங்களா?"

"சிவ சிவா!" அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "என்ன கதை கதைக்கிறியள்! நான் ஒரு எறும்பை நசுக்க மாட்டன். திறந்து விட்டனான், பிள்ளை. காப்பார் ஊர்ப் பக்கம், எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்குள்ள. நிழல் இருக்கு, வாய்க்கால் தண்ணி இருக்கு. போகேக்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு சோற்றுப் பார்சல். கழுத்தில கிடந்ததைக் கழட்டி, நெத்தியில விபூதி பூசி, போ ராசா எண்டு விட்டிடுவன்."

அவர் புகைப்படத்தைக் காட்டினார். மீனலோசனி. அவருடைய மனைவி. அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது கோயில் வாசலில் கூண்டுக் குருவி வாங்கிப் பறக்க விடுவார். இறந்த பிறகு சிவசம்பு அதைத் தொடர்ந்தார். குருவிக்காரன் வராமல் போனான். அப்போதுதான் பலகை கண்ணில் பட்டது.

"அவ மோசம் போன திதியில மாசா மாசம் ஒரு சீவன். அந்தப் புண்ணியம் அவவுக்குத்தானே போய்ச் சேருது."

"வீடுன்னா வீடு, அங்கிள்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. கையால் சுவரைத் தட்டிக் காட்டினாள். "இந்த வீடு. சுவரு. கூரை. ஆளுங்க இருக்கிற வீடு. உங்க வீட்டுல வச்சி வளங்கன்னுதான் எழுதினேன்."

அவர் அந்தச் சுவரைப் பார்த்தார்.

"கட்டிப்போட்டு வளக்கிறதோ?" என்றார் மெதுவாக. "அதுக்கோ அவ்வளவு பேரும் வந்து கொண்டு போகினம்..." பிறகு, "நாயெண்டால் எங்கயும் பிழைச்சிடும்தானே, பிள்ளை?"

"அதுங்களுக்குச் சோறு தட்டுல வரும்னு மட்டுந்தான் தெரியும்."

 சிவசம்பு கார்ச் சாவியைத் தேடினார். அது சட்டைப் பையிலேயே இருந்தது.

காப்பார் சாலையில் டட்சன் மாட்டு வண்டியைப் போல ஊர்ந்தது. பின்னால் வந்த லோரிகள் ஹாரன் அடித்துத் தாண்டின. லெட்சுமி கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு செம்பனை வரிசைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு வரிசையும் ஒரு தாழ்வாரம் போல இருண்டு உள்ளே போயிற்று. ஏதாவது ஒன்றின் கடைசியிலாவது அவள் கண்ட கனவுத் தோட்டம் இருக்கக்கூடாதா? நாய்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு வாய்க்கால் கரையில், தங்களுக்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கக்கூடாதா?

"நல்ல இடம்தான்," என்றார் சிவசம்பு, யாரும் கேட்காமலே. "நான் நாலு தரம் வந்து பார்த்திட்டுத்தான் விட்டனான். பெரிய ரோட்டில விடேல்லை. உள்ளுக்கு. போன தரமும் பழைய ஆக்கள் காரைக் கண்டு வாலாட்டி ஓடி வந்தவை."

செம்மண் பாதை பிரியும் இடத்தில் காரை நிறுத்தினார். இருவரும் இறங்குவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் பாதையின் குறுக்கே வந்து நின்றது. தொப்பி போட்ட ஓர் ஆள். தோட்டத்துக் காவற்காரர் வேலாயுதம் என்பதைப் பிறகு அவரே சொன்னார். அவர் காரைப் பார்த்தார், கார் நம்பரைப் பார்த்தார், கடைசியாகச் சிவசம்புவைப் பார்த்தார்.

"பாஸ், நீங்கதானா அது?"

"எது, தம்பி?"

"வெள்ளைக் காரு. மாசா மாசம் நாய எறக்கிட்டுப் போற வெள்ளைக் காரு. உங்கள ஒரு தடவ பாத்துறணும்னு எவ்ளோ நாளா இருக்கேன் தெரியுமா? நல்லாச் சட்ட போட்டு, விபூதி பூசி... நான் எவனோ குடிகாரன்னுல்ல நெனச்சேன்."

"நாய்ங்க எங்கண்ணே?" என்றாள் லெட்சுமி.

வேலாயுதம் எஞ்சினை நிறுத்தினார். அவருடைய கோபம் சற்றுத் தணிந்தது. அவளைப் பார்த்ததாலோ என்னவோ.

"அதுங்க உள்ள போகாது தங்கச்சி. இந்த முக்குலயேதான் ஒக்காந்துருக்கும். காருக்குக் காத்துக்கிட்டு. எந்த வெள்ளைக் காரு வந்தாலும் எழும்பி ஓடும். ரெண்டு அப்படித்தான் லோரில மாட்டிச்சி. மத்தது பசியில லயத்து வீடுங்கள்ல கோழியப் புடிக்க ஆரம்பிச்சிச்சி. அப்புறம் ஆபீஸ்ல சும்மா இருப்பானா? துப்பாக்கிக்காரனக் கூட்டியாந்துட்டாங்க."

சிவசம்பு காரின் மேல் கை வைத்துக்கொண்டார்.

"காட்டு நாய்ங்கன்னா தப்பிச்சிரும்," என்று வேலாயுதம் தொடர்ந்தார். "ஆளக் கண்டாலே ஓடிரும். இதுங்க ஆளக் கண்டா வால ஆட்டிக்கிட்டு கிட்ட வருதுங்க. அது மட்டும் இல்ல. நானே கண்ணால பாத்தேன், சத்தியமா சொல்றேன். துப்பாக்கிக்காரன் இப்படித் துப்பாக்கியத் தூக்குறான்..." அவர் வலது கையை மெதுவாகத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். "தூக்குனதும் அதுங்க உக்காருதுங்க."

லெட்சுமிக்கு அந்தக் கை மட்டுமே தெரிந்தது. அதன் பின்னாலிருந்த ஆளும், மரங்களும், பாதையும் எங்கோ போய்விட்டன.

"நெஜமாத்தான். ஸ்கூல் புள்ள மாதிரி. நிமிந்து உக்காந்து அவன் மூஞ்சியப் பாக்குதுங்க. அந்தாளே பயந்துட்டான். என்னாடா இதுங்கன்னு கேக்குறான். எனக்குத் தெரியுமா? நான் எங்க கண்டேன், எவன் பழக்குனான்னு?"

அவள் தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்பது போல. கைக்குள் காது மருந்துப் புட்டி இருந்தது. 

"எல்லாமுமா?" என்று சிவசம்பு கேட்டார். 

"புதன்கிழம வந்தான். இருந்தது எல்லாம் போச்சி. ஒண்ணு மட்டும் உக்காரல. அவன் தூக்குனதும் கையப் பாத்திச்சி, மூஞ்சியப் பாத்திச்சி, அது பாட்டுக்கு வாய்க்காலுக்குள்ள எறங்கிப் போயிருச்சி. வட்டம் வட்டமா இருக்கும் ஒடம்புல. லயத்துப் பக்கம் சுத்துது. நாளைக்குத் திரும்ப வருவான்."

லெட்சுமி ஓடினாள். "தோசை! தோசை!" செம்பனைகளுக்கு நடுவே அந்தச் சொல் ஒலித்ததும் லயத்து வாசலில் நின்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒருத்தி கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைக் காட்டினாள். அங்கே இல்லை. சேற்றில் கால் தடம் மட்டும் இருந்தது. திரும்பி முக்குக்கே வந்தாள்.

அவள் விட்டுப்போன இடத்திலேயே சிவசம்பு நின்றார். வெயில் அவர் கண்ணில் அடித்தது. அவருக்கு எதிரே, பாதையின் மறுபக்கப் புல்லில், ஏதோ அசைந்தது.

தோசை. விலா எலும்புகள் தெரிந்தன. ஒரு காது வீங்கித் தொங்கியது. அது வெள்ளைக் காரைப் பார்த்தது. லெட்சுமியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தது.

சரியாகத் தெரியாததால் சிவசம்பு கண்ணுக்கு நிழல் பிடிக்கக் கையைத் தூக்கினார். வலது கை, மெதுவாக.

"கைய எறக்குங்க அங்கிள்!" என்று லெட்சுமி கத்தினாள்.

அதற்குள் தோசை உட்கார்ந்துவிட்டது.

அவ்வளவு ஞாயிறுகளிலும், அத்தனை ரொட்டித் துண்டுகளுக்கும் உட்காராத நாய், முன்கால்களைச் சேர்த்து வைத்து, முதுகை நிமிர்த்தி, அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. வால் மட்டும் செம்மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

"எந்திரி," என்றாள் லெட்சுமி. "தோசை, எந்திரி. போதும். எந்திரிடா."

அது எழவில்லை. உட்காரத்தான் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். எழுந்திருக்க எந்த நாய்க்கும் அவள் சொல்லிக்கொடுத்ததில்லை.

சிவசம்பு கையை இறக்கினார். அதைத் தன்னுடையதில்லை போலப் பார்த்தார். பிறகு பாதையைக் கடந்து போய், இஸ்திரி போட்ட சட்டையோடு புழுதியில் முழங்காலிட்டார். வேலாயுதம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

நாய் அவர் நெற்றியை முகர்ந்தது. விபூதியை நக்கியது.

அவர் அதன் கழுத்தைத் தடவினார். பட்டை இருந்த இடத்தில் முடி இன்னும் படிந்தே இருந்தது. இரண்டு கைகளாலும் அதை அள்ளித் தூக்கினார். சேறும் சொறியும் வெள்ளைச் சட்டையில் அப்பின. தூக்கத் தெம்பில்லாமல் ஒரு கணம் தள்ளாடினார். லெட்சுமி தாங்க வந்தாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"வா," என்றார் அதன் வீங்கிய காதில், உடைந்த குரலில். "வீட்டை போவம்."